நர்சிங் படிக்கப் போற பொண்ணுக்கு வாலண்டியர் லெட்டர்: பெங்களூர்ல இருந்து எழுதிக் குடுக்கறவங்களுக்கும் கேக்கறவங்களுக்கும்

லண்டன், மான்செஸ்டர்னு போய் இறங்கின புள்ளைங்க இப்போ அடிக்கடி கேக்கற கேள்வி இது. நர்சிங் சேரணும், அதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரில வாலண்டியரா கொஞ்ச நாள் இருந்தா நல்லதுன்னு சொல்றாங்க, அந்த வாலண்டியர் ஃபார்ம்ல ரெண்டு ரெஃபரன்ஸ் (நம்மளைத் தெரிஞ்சவங்க தர்ற நற்சான்று) கேக்குது, இங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது, ஊர்ல இருந்து யாரைக் கேக்கறதுன்னு. நான் பெங்களூர்ல வார்டு சிஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவ, அல்சூர், மர்ஃபி டவுன் பக்கத்துப் புள்ளைங்க நிறைய பேர் என்கிட்ட லெட்டர் வாங்கிட்டுப் போயிருக்காங்க, அதனால சொல்றேன்.

முதல்ல யாரைக் கேக்கறதுன்னு பாருங்க. நம்ம ஆளுங்க உடனே ஓடுறது பெரிய பேர் கிட்ட. மாமாவுக்குத் தெரிஞ்ச டாக்டர், ஏரியா கவுன்சிலர், அப்பா கம்பெனி மேனேஜர். லெட்டர்ஹெட் பளபளன்னு இருக்கும், உள்ள படிச்சா அந்த டாக்டர் உங்களைப் பாத்ததே இல்லைன்னு ரெண்டாவது வரியிலயே தெரிஞ்சிடும். அதுக்குப் பதிலா சனிக்கிழமை சனிக்கிழமை நீங்க ட்யூஷன் எடுத்த சென்டரை நடத்தற மிஸ், கோயில் அன்னதானத்துல உங்களுக்கு வேலை பிரிச்சுக் குடுத்தவர், சர்ச் மெடிக்கல் கேம்ப்ல கூட நின்ன சிஸ்டர், இவங்க யாராவது எழுதினா ஆயிரம் மடங்கு மேல். மாரத்தஹள்ளில கருணாஷ்ரயா மாதிரி கடைசிக் கட்ட கேன்சர் நோயாளிங்களைப் பாத்துக்கற இடத்துல நீங்க வாலண்டியரா இருந்திருந்தா கேக்கவே வேணாம், அங்க உங்களை மேய்ச்சவங்களைக் கேளுங்க. சித்தி, பெரியப்பா எல்லாம் வேணாம், சொந்தக்காரங்க ரெஃபரன்ஸை எடுத்துக்க மாட்டாங்க.

இப்போ எழுதறவங்களுக்கு. இது வேலைக்கான சிபாரிசு இல்ல, காலேஜ் சீட்டுக்கும் இல்ல. அந்தப் பக்கம் லெட்டரைப் படிக்கறவங்க மனசுல இருக்கறது ரெண்டே கேள்வி, முடியாம படுத்திருக்கற ஒரு பாட்டி பக்கத்துல இந்தப் பொண்ணைத் தனியா உக்கார வெக்கலாமா, வர்றேன்னு சொன்ன நாள்ல வருவாளா. உங்க லெட்டர் இந்த ரெண்டுக்கும் பதில் சொன்னா போதும். "கடின உழைப்பாளி, அர்ப்பணிப்பு உள்ளவர், சிறு வயதிலிருந்தே சேவை மனப்பான்மை" இதையெல்லாம் எல்லாரும் எல்லாருக்கும் எழுதறாங்க, யாரும் படிக்கறது இல்ல.

என்.எச்.எஸ்.ல (யு.கே. அரசு மருத்துவ சேவை) "சிக்ஸ் சீஸ்"னு ஒண்ணு இருக்கு, இங்கிலீஷ்ல சி எழுத்துல ஆரம்பிக்கற ஆறு குணம், 2012ல கொண்டு வந்தது, நர்சிங் இன்டர்வியூவுக்குப் போறவங்க எல்லாரும் மனப்பாடம் பண்ணிட்டுப் போவாங்க. அக்கறை, இரக்கம், திறமை, பேசிப் புரிய வெக்கறது, தைரியம், ஈடுபாடு. இந்த ஆறு வார்த்தையையும் லெட்டர்ல வரிசையா அடுக்காதீங்க தயவுசெஞ்சு. அதுல ஒண்ணே ஒண்ணு தெரியற மாதிரி நீங்க கண்ணால பாத்த ஒரு விஷயத்தை எழுதுங்க. உதாரணத்துக்கு, இப்படி எழுதலாம் (இங்கிலீஷ்ல சின்னச் சின்ன வரியா மாத்திக்கோங்க):

"எங்க மெடிக்கல் கேம்ப்ல இவங்க ஒரு வருஷமா மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை உதவி பண்ணாங்க, நான்தான் பொறுப்பு. டோக்கன் குடுக்கறது, வயசானவங்களை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறது இவங்க வேலை. ஒரு தடவை காது சரியா கேக்காத பெரியவர் ஒருத்தர் கோவமா கத்தினார், இவங்க பதிலுக்குக் குரலை உசத்தல, அவர் முன்னாடி உக்காந்து, முகம் தெரியற மாதிரி மெதுவா பேசினாங்க. வர முடியாத ரெண்டு நாளும் முன்கூட்டியே சொல்லிட்டாங்க."

முடிஞ்சது, இதுக்கு மேல ஒரு பக்கம் எழுதணும்னு இல்ல. எவ்வளவு நாளா தெரியும், எந்த விதத்துல தெரியும், இது ரெண்டும் கண்டிப்பா இருக்கணும். மூணு மாசம்தான் தெரியும்னா மூணு மாசம்னே போடுங்க, ஃபோன் பண்ணிக் கேட்டா நீங்களும் அவளும் ஒரே பதில்தானே சொல்லணும். நோயாளி பேரு, வியாதி எதுவும் வேணாம், ரகசியம் காக்கத் தெரியாத ஆளு எழுதின லெட்டர்னு ஆயிடும்.

இன்னொண்ணு, இதைத்தான் கொஞ்சம் அழுத்திச் சொல்லணும். நம்ம ஊர்ல சின்ன நர்சிங் ஹோம்ல கூடமாட இருந்த பொண்ணுங்க ஊசி போட்டிருப்பாங்க, டிரிப் மாத்தியிருப்பாங்க, டிரெஸ்ஸிங் பண்ணியிருப்பாங்க. அதைப் பெருமையா எழுதினா அங்க படிக்கறவங்களுக்குத் தூக்கி வாரிப் போடும், படிப்பும் இல்ல ரெஜிஸ்ட்ரேஷனும் இல்ல, இவ எப்படி ஊசி போட்டான்னு. அங்க வாலண்டியருக்கு அந்த வேலையே கிடையாது. டீ வண்டி தள்றது, வழி காட்டறது, சாப்பாட்டு நேரத்துல தட்டைக் கிட்ட நகத்தி வெக்கறது, பேச்சுத்துணைக்கு உக்கார்றது, இதுதான். அந்த வேலைக்கு இவ சரியா வருவாளான்னு எழுதுங்க. அதுக்காகப் பொய் சொல்லச் சொல்லல, ஊசி போட்டது இந்த லெட்டருக்குத் தேவைப்படாது.

தமிழ், கன்னடம், ஹிந்தி தெரியும்ங்கறதை ஒரு வரி போடுங்க, ஈஸ்ட் ஹாம், ஹாரோ பக்கம் நம்ம பாட்டி தாத்தாங்க நிறைய. ஆனா மொழிபெயர்ப்பாளர்னு எழுதாதீங்க, மருத்துவ விஷயத்துக்கு அங்க தனியா ஆள் வெச்சிருக்காங்க.

அக்கா, நானே டைப் பண்ணித் தர்றேன், நீங்க கையெழுத்து மட்டும் போட்டா போதுமா?

போதாது கண்ணு. எல்லாரும் இப்படித்தான் கேக்கறீங்க. லெட்டர் வேணாம், எனக்கு ஒரு பக்கக் குறிப்பு அனுப்புங்க, எப்போ இருந்து எப்போ வரைக்கும் வந்தீங்க, என்னென்ன பண்ணீங்க, அங்க எந்த மாதிரி வாலண்டியர் வேலை, கடைசித் தேதி என்ன. மீதியை நான் பாத்துக்கறேன். நிறைய இடத்துல லெட்டரே கேக்க மாட்டாங்க, எழுதறவங்க ஈமெயிலுக்கு நேரா ஒரு ஃபார்ம் வரும், அது பாதி நேரம் ஸ்பாம்ல போய் உக்காந்துக்கும், இங்க நாங்க பாக்காம அங்க உங்க அப்ளிகேஷன் அப்படியே நிக்கும். அதனால பேரு குடுத்த அன்னைக்கே வாட்ஸ்அப்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்க. ஸ்கூல், ட்ரஸ்ட் ஈமெயில் இருந்தா ஜிமெயிலை விட அதையே குடுங்க.

ஸ்டூடன்ட் விசால இருக்கேன், சம்பளம் இல்லாததால மணிக்கணக்கு வராதுல்ல?

இங்க கொஞ்சம் உஷார். யு.கே.ல வாலண்டியரிங் வேற, வாலண்டரி வொர்க் வேற. கான்ட்ராக்ட் மாதிரி இத்தனை மணிக்கு வந்தே ஆகணும், இதெல்லாம் உன் கடமைன்னு கட்டிப் போட்டா அது ரெண்டாவது வகை, டிகிரி படிக்கறவங்க வேலை செய்யறதுக்கு இருக்கற வாரம் 20 மணி நேர வரம்புல அதுவும் சேந்துடும். சேர்றதுக்கு முன்னாடி உங்க யுனிவர்சிட்டி இன்டர்நேஷனல் ஆபீஸ்ல கேட்டுடுங்க. டி.பி.எஸ். செக்குக்கு (குற்றப் பின்னணி இருக்கான்னு அங்க பாக்கறது) வாலண்டியருக்குக் கட்டணம் இல்ல, ஆனா அதுல இந்தியா ரெக்கார்டு வராது, சில இடத்துல நம்ம போலீஸ் கிளியரன்ஸ் சர்ட்டிஃபிகேட் கேப்பாங்க. இன்னும் கிளம்பாதவங்க பாஸ்போர்ட் சேவால இப்பவே வாங்கி வெச்சுக்கோங்க.

டொராண்டோல ஸ்கூல் படிக்கற தங்கச்சிக்கும் இதே மாதிரி எழுதலாமா?

எழுதலாம். டொராண்டோ இருக்கற ஒன்டாரியோ மாநிலத்துல ஹைஸ்கூல் முடிக்க 40 மணி நேரம் சமூக சேவை கட்டாயம், அதுக்கு ஸ்கூல் ஃபார்ம்லயே கையெழுத்து வாங்கினா போதும், ஆஸ்பத்திரில சேரணும்னாதான் லெட்டர். அங்க டி.பி. டெஸ்ட்டும் தடுப்பூசி ரெக்கார்டும் கேப்பாங்க. நம்ம ஊர்ல குழந்தையிலயே பி.சி.ஜி. (டி.பி. தடுப்பூசி) போடறதால கையில போடற தோல் டெஸ்ட் சில பேருக்கு பாசிட்டிவ் காட்டும், பயந்து ஊருக்கு ஃபோன் போடாதீங்க, தோள்ல இருக்கற தழும்பைக் காட்டி விஷயத்தைச் சொல்லுங்க, ரத்த டெஸ்ட்டோ எக்ஸ்ரேவோ எடுத்துப் பாப்பாங்க. பழைய தடுப்பூசி அட்டை அம்மாகிட்ட எங்கயாவது பீரோவுல இருக்கும், அதை ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க.