நான்கு குடித்தனம், ஒரு முகவரிக் கணு

பழைய வண்ணாரப்பேட்டை:
எங்கள் தெரு நூலகத்தின் உறுப்பினர் பதிவேட்டை ஆர்டிஎஃப் (RDF, தகவலைச் சிறு சிறு கூற்றுகளாக எழுதி இணைக்கும் முறை) வடிவத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஒரே வீட்டில் நான்கு குடித்தனம், நான்கிலும் உறுப்பினர்கள். முகவரிக்கு ஒரு கணு (கூற்றுகள் சுட்டும் புள்ளி) போதுமா, ஆளுக்கொன்று வேண்டுமா?

கல்மண்டபம்:
ஒன்றே போதும். நான்கு மும்மைகள், அதாவது ‘எழுவாய், உறவு, செயப்படுபொருள்’ என்ற மூன்று பகுதிக் கூற்றுகள்; எழுவாய் வேறு வேறு, செயப்படுபொருள் ஒன்று. நான்கு முறை எழுதினால் ஓரிடத்தில் ‘பு.எண் 27’, இன்னோரிடத்தில் ‘27 புதிது’ என்று வந்து நிற்கும்.

காசிமேடு:
ஆளுக்கொன்று வைத்துவிடுங்கள். பகிர்ந்து வைத்துப் பட்டவன் நான். ஒரு குடும்பம் எண்ணூருக்குக் குடிபோனது. முகவரிக் கணுவில் தெருப் பெயரை மாற்றினேன். மறுநாள் பார்த்தால் அந்த வீட்டிலிருந்த அத்தனை பேரும் எண்ணூர்! பழைய நோட்டைப் புரட்டித்தான் சரிசெய்தேன்.

கல்மண்டபம்:
வீடு எங்கேயும் போகவில்லை தம்பி, குடும்பம்தான் போனது. ‘இவர் வசிப்பது இங்கே’ என்ற ஒரு மும்மையை நீக்கிவிட்டு, புது வீட்டைச் சுட்டி இன்னொன்று எழுதியிருக்க வேண்டும். நீங்கள் வீட்டையே பெயர்த்துக்கொண்டு போயிருக்கிறீர்கள்.

காசிமேடு:
உங்களுக்குத் தெரியும் அண்ணா. ஞாயிற்றுக்கிழமை வந்து உட்காரும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு? திரையில் முகவரி தெரிந்தால் அதைத்தான் திருத்துவார்கள்.

கல்மண்டபம்:
அது திரையை அமைத்தவரின் குற்றம்.

தண்டையார்பேட்டை:
இருவருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஆர்டிஎஃபைக் கோப்பில் எழுதும் டர்ட்டில் (Turtle) நடையில் முகவரியைச் சதுர அடைப்புக்குள் நான்கு முறை எழுதினால், எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தாலும் அவை நான்கு தனிக் கணுக்கள். ‘_:வீடு’ என்று அடையாளம் கொடுத்தால் பகிரலாம். ஆனால் அது அந்தக் கோப்போடு சரி. அடுத்த கோப்பில் வரும் ‘_:வீடு’ வேறு வீடு. இரவல் பதிவேடு தனிக் கோப்பில் இருந்தால் ஐஆர்ஐ (IRI, எந்தக் கோப்பிலும் அதே பொருளைக் குறிக்கும், இணைய முகவரி போன்ற பெயர்) கொடுத்தே ஆக வேண்டும்.

காசிமேடு:
சரி, கொடுத்தாகிவிட்டது. ஒருவர் மாடி, ஒருவர் பின்கட்டு. அதை எங்கே எழுதுவீர்கள்? வீட்டுக் கணுவில் எழுதினால் நால்வரும் மாடியேறிவிடுவார்கள்.

கல்மண்டபம்:
இது நியாயமான கேள்வி. குடித்தனத்துக்கு ஒரு கணு வையுங்கள்; மாடியும் பின்கட்டும் அதில். அது வீட்டைச் சுட்டட்டும்.

காசிமேடு:
ஆக, ஆளுக்கொன்று என்று நான் சொன்னதில் பாதி நின்றுவிட்டது.

பழைய வண்ணாரப்பேட்டை:
அப்படியே செய்கிறேன். பழைய கதவு எண்ணை விட்டுவிடலாமா?

கல்மண்டபம்:
விடாதீர்கள். வீட்டுக் கணுவிலேயே தனிப் பண்பாக இருக்கட்டும். எங்கள் தெருத் தபால்காரர் இன்னும் அதைத்தான் கேட்கிறார்.