டாம் டௌட் முதலாமவரா, இரண்டாமவரா?

நாடாச்சுருள்:
“பாடுபவர் பாட, வாசிப்பவர் வாசிக்க, ஒலிப்பதிவாளர் பொத்தானை அமுக்கிவிட்டுச் சம்பளம் வாங்குகிறார்” என்று தாளக்கட்டு நேற்று எழுதியதைப் படித்த பின்பும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. இளம் வயதில் மன்ஹாட்டன் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்த அமெரிக்க ஒலிப்பதிவுப் பொறியாளர் டாம் டௌட், போருக்குப் பின் இயற்பியலை விட்டுவிட்டு அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தின் ஒலிப்பதிவுக்கூடத்துக்கு வந்து, ரே சார்லஸ் முதல் ஜான் கோல்ட்ரேன், அரேத்தா ஃபிராங்க்ளின் வரை எத்தனையோ இசைக்கலைஞர்களைப் பதிவு செய்தவர். ஒலி அளவைக் கூட்டிக் குறைக்க எல்லோரும் உருண்டைக் குமிழ்களைத் திருகிக்கொண்டிருந்த காலத்தில், பியானோ வாசிப்பதுபோல் பல விரல்களாலும் ஒருசேர இயக்கும்படி, மேலும் கீழும் நகரும் ஃபேடர்களை, பல ஒலிகளைக் கலக்கும் மேசையான மிக்ஸரில் அமைத்தார். எட்டு ஒலிகளை ஒரே நாடாவில் தனித்தனியாகப் பதியும் எட்டு ட்ராக் கருவியை உலகில் முதன்முதலில் பயன்படுத்தியவரும் அவரே. இதற்குப் பெயர் பொத்தான் அமுக்குவதாம்!

தாளக்கட்டு:
ஆவேசம் இருக்கட்டும். ஆம்பெக்ஸ் தயாரித்த முதல் எட்டு ட்ராக் கருவியை 1957இல் வாங்கியவர் கிட்டார் கலைஞர் லெஸ் பால். அட்லாண்டிக் அதற்குப் பிறகுதான் வாங்கியது. அதாவது, உங்கள் “உலகில் முதன்முதலில்” என்பது தவறு.

நாடாச்சுருள்:
லெஸ் பால் அதைத் தம் வீட்டில், தம் பாட்டுக்காக வைத்திருந்தார். வருவோர் போவோரையெல்லாம் நாள்தோறும் பதிவு செய்யும் ஒரு நிறுவனத்தின் கூடத்தில் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் டௌட். பிரிட்டனின் இ.எம்.ஐ. போன்ற பெரிய இசைத்தட்டு நிறுவனமே 1968 வரை நான்கு ட்ராக்கில் காலம் தள்ளியது. பதிவுக்குக் கடைசியாகச் செய்யும் ஒலிச் செப்பத்தைப் பற்றி, சென்ற மாதம் “மாஸ்டரிங் என்பது சத்தத்தைக் கூட்டுவதுதான்” என்று எழுதியவரிடம் இந்த நுணுக்கத்தை எதிர்பார்த்தது என் பிழை.

தாளக்கட்டு:
வீட்டில் இருந்தால் கருவி கருவியாகாதா? முதலில் வாங்கியவர் லெஸ் பால்.

ஏழாம்சுரம்:
யார் முதலில் வாங்கினார் என்பதை விடுங்கள். பீட்டில்ஸ் குழுவின் இசைத்தட்டுகள் குவித்த பணத்தில், அவற்றை உருவாக்கிய ஜார்ஜ் மார்ட்டினுக்கு இ.எம்.ஐ. கொடுத்தது மாதச் சம்பளம் மட்டுமே. அதனால் 1965இல் வெளியேறித் தோழர்களுடன் ஏர் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். திரைக்குப் பின்னால் உழைப்பவருக்கு விற்பனையில் பங்கு, அதாவது ராயல்டி, கிடையாது என்பதல்லவா பேச வேண்டிய விஷயம்?

நாடாச்சுருள்:
ஜார்ஜ் மார்ட்டின் பாட்டு எப்படி அமைய வேண்டும் என்று வழிநடத்தும் தயாரிப்பாளர், கருவிகளை இயக்கும் ஒலிப்பதிவுப் பொறியாளர் அல்லர். இரண்டு வேலைகளையும் குழப்பிக்கொண்டு நியாயம் பேச வராதீர்கள். இருபத்தெட்டு ஆண்டுகளாக மிக்ஸருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். இசைத்தட்டு உறையில் தேநீர் வாங்கித் தந்தவருக்கும் நன்றி சொல்லி, என் பெயரை மட்டும் விட்டுவிட்ட நிறுவனத்தையும் பார்த்திருக்கிறேன். ராயல்டியைப் பற்றி எனக்கா பாடம்?

ஏழாம்சுரம்:
உங்கள் பக்கம் பேச வந்தவனையும் அடிப்பதாக இருந்தால், நீங்களே தனியாகப் பேசிக்கொள்ளுங்கள்.

தாளக்கட்டு:
அவருக்கு அது பழக்கம்தான். என் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை: 1957இல் அந்தக் கருவி யாரிடம் இருந்தது?

நாடாச்சுருள்:
இருந்தது வேறு, புழங்கியது வேறு என்று மேலே எழுதியிருக்கிறேன். டௌட்டுக்கு 2002இல் கிராமி அறங்காவலர் விருது கொடுத்தவர்கள் பொத்தான் எண்ணியா கொடுத்தார்கள்?

தாளக்கட்டு:
விருதைப் பற்றி நான் கேட்கவில்லை. லெஸ் பால், 1957.

நாடாச்சுருள்:
வீட்டில்!