வீராணம் ஏரிக்கரையில் இரவு தங்க எந்தக் கூடாரம் வாங்கலாம்?

வணக்கம். கடலூரிலிருந்து எழுதுகிறேன். குத்தகைதாரரின் அனுமதியோடு வீராணம் ஏரிக்கரையில் கட்லா, ரோகு கெண்டைகளுக்காக மாமாவும் நானும் மாதம் இருமுறை விடிய விடியத் தூண்டில் போட்டுக் காத்திருக்கிறோம். சென்ற தை மாதப் பனியில், இரவல் வாங்கிய ஒற்றைத் துணிக் கூடாரத்தில் படுத்தபோது, எங்கள் மூச்சின் ஈரமே உட்புறம் துளித்துளியாகக் கோத்து, விடிவதற்குள் மாமாவின் போர்வையை நனைத்துவிட்டது. ஆகவே இரட்டை அடுக்கும் கொசுவலையும் கொண்ட, 3000 மி.மீ. உயர நீரின் அழுத்தத்தைக் கசியாமல் தாங்கும் துணியாலான, தூண்டில் மணி ஒலித்தவுடன் தடுமாறாமல் வெளியேறக்கூடிய இருவர் கூடாரம் ஒன்றை 6000 ரூபாய்க்குள் வாங்க விரும்புகிறேன். துணியின் தரத்தை மட்டும் குறைத்துக்கொள்ள மனமில்லை; ஐப்பசி மழை அப்படிப்பட்டது. கரையின் இறுகிய மண்ணில் எந்த வகை முளை வளையாமல் இறங்கும் என்பதையும், புதுச்சேரியில் நேரில் பிரித்துப் பார்த்து வாங்க இடமுண்டா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் அன்புகூர்ந்து தெரிவிக்க வேண்டுகிறேன்.