குடிப்பழக்கம் இல்லை, ஸ்கேனில் 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்': அடுத்து என்ன செய்யணும்?

கேட்டவர்: வெண்டைக்காய்_சாம்பார்

அண்ணனுக்கு வயது 46. உயரம் 168 செ.மீ., எடை 78 கிலோ. மது தொட்டதே இல்லை. செக்கப்பில் எடுத்த அல்ட்ராசவுண்டில் கிரேடு 2 என்று வந்திருக்கிறது. கல்லீரல் என்சைம்கள் எஸ்ஜிஓடி 38, எஸ்ஜிபிடி 64, பிளேட்லெட் 2.1 லட்சம், எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) 6.1. ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் நெகட்டிவ். கிரேடு 2 என்றால் கல்லீரல் பாதி போய்விட்டதா? ஃபைப்ரோஸ்கேன் (கல்லீரல் விறைப்பை அளக்கும் ஸ்கேன்) எடுக்கணுமா? கீழாநெல்லி, சீந்தில் கஷாயம் கொடுக்கலாமா?

லேப்_மேசை

பாதியெல்லாம் போகவில்லை. ஸ்கேன் திரையில் கல்லீரல் பக்கத்துச் சிறுநீரகத்தைவிட எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறது என்பதுதான் கிரேடு. அது கொழுப்பைத் தோராயமாகக் காட்டும், நாள்பட்ட பாதிப்பால் கல்லீரலில் விழும் தழும்பைக் காட்டாது. பின்னாளில் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகிப்போவது) வருமா என்பது தழும்பைப் பொறுத்தது. கிரேடு 1-இல் தழும்பு முற்றியவர் உண்டு, கிரேடு 3-இல் தழும்பே இல்லாதவரும் உண்டு.

கையில் இருக்கும் எண்களை வைத்தே ஃபிப்-4 (தழும்பு முற்றியிருக்குமா என்று கணிக்கும் கணக்கு) போட்டுவிடலாம். மேலே வயது × எஸ்ஜிஓடி. கீழே பிளேட்லெட் × எஸ்ஜிபிடியின் வர்க்கமூலம். பிளேட்லெட்டை ஆயிரத்தில் எழுதணும், 2.1 லட்சம் என்றால் 210. பலர் 2.1 என்றே போட்டுவிட்டு, நூறு மடங்கு விடை வந்ததும் கலங்கிப்போகிறார்கள்.

46 × 38 = 1748. 210 × 8 = 1680. விடை 1.04. 1.3-க்குக் கீழே இருப்பதால் முற்றிய தழும்புக்கு வாய்ப்புக் குறைவு. 2.67-க்கு மேல் வந்தால் கல்லீரல் நிபுணரிடம் போகணும். இடையில் வந்தால் ஃபைப்ரோஸ்கேன். இப்போதைக்கு உங்கள் அண்ணனுக்கு அது அவசரமில்லை.

மஞ்சள்_கோப்பு

மேலே சொன்னது சரி, இரண்டு திருத்தம் மட்டும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 1.3-க்குப் பதில் 2.0 வைத்துப் பார்க்கணும். 35-க்குக் கீழே இந்தக் கணக்கை நம்ப முடியாது. எச்பிஏ1சி 6.1 என்பது சர்க்கரை நோயின் வாசற்படி, அதனால் ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஃபிப்-4 திரும்பப் போடுங்கள். எஸ்ஜிபிடி நார்மலுக்கு வந்துவிட்டது என்று விட்டுவிட வேண்டாம், தழும்பு முற்றியவர்களுக்கும் அது நார்மலாக வரும்.

என்றைக்காவது ஃபைப்ரோஸ்கேன் எடுத்தால் 3 மணி நேரமாவது வெறும் வயிறு வேண்டும். சாப்பிட்டதும் கல்லீரலுக்கு ரத்த ஓட்டம் கூடி, விறைப்பு நிஜத்தைவிட அதிகமாகக் காட்டும். 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே நிம்மதி, 12-க்கு மேல் கவலை. ரிப்போர்ட்டில் எம்ஏஎஸ்எல்டி என்று போட்டிருந்தால் அது புது நோய் இல்லை, இதே ஃபேட்டி லிவருக்கு 2023-இல் மாற்றிய பெயர்.

கேழ்வரகு_கூழ்

மருந்து எடைதான். 78 கிலோவில் 5% குறைந்தால், அதாவது 4 கிலோ, கொழுப்பு இறங்கும். 7% (ஐந்தரை கிலோ) வீக்கத்தைத் தணிக்கும். தழும்பு குறைய 10% வேண்டும். வாரம் அரை கிலோ போதும். பட்டினி கிடந்து மளமளவென்று இறக்கினால் பித்தப்பைக் கல் வரும், கல்லீரல் வீக்கமும் கூடலாம்.

நம் வீடுகளில் எண்ணெயை மட்டும் குறைத்துவிட்டு, காலை இட்லி, மதியம் இரண்டு தட்டு சோறு, இரவு தோசை என்று அப்படியே ஓடும். மிஞ்சிய மாவுச்சத்தைக் கல்லீரலே கொழுப்பாக மாற்றிக்கொள்கிறது, பிறகு எண்ணெய் குறைத்து என்ன பயன்? சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் சுண்டல், முட்டை, மீன், கீரை, பொரியல். டீக்கு இரண்டு ஸ்பூன் வீதம் நாளுக்கு நாலு டீ என்றால் அதிலேயே 30 கிராமுக்கு மேல் சர்க்கரை. 'நான் நாட்டுச்சர்க்கரைதான் சேர்க்கிறேன்' என்பவர்களுக்கு: கருப்பட்டி, தேன் எதில் வந்தாலும் ஃப்ரக்டோஸ் கல்லீரலுக்குத்தான் போகிறது. பழத்தைக் கடித்துச் சாப்பிடலாம், ஜூஸ் வேண்டாம். சர்க்கரை போடாத காபி இரண்டு கப் நல்லதே. வாரம் 150 நிமிட வேக நடை, அதோடு இரண்டு நாள் தசைக்கான பயிற்சி.

மஞ்சள்_கோப்பு

கஷாயக் கேள்வியை எல்லாரும் தாண்டிவிட்டோம். கீழாநெல்லி கல்லீரல் கொழுப்பைக் கரைக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. சீந்தில் வேண்டவே வேண்டாம். கொரோனா காலத்தில் அதைக் குடித்துக் கல்லீரல் பாதித்தவர்களைப் பற்றி இந்திய மருத்துவர்களே 2021-இல் பதிவு செய்திருக்கிறார்கள். கிரீன் டீ சாறு மாத்திரையும் இதே ரகம். அமெரிக்காவில் 2024-இல் அனுமதி பெற்ற ரெஸ்மெடிரோம் மாத்திரை ஓரளவு தழும்பு விழுந்தவர்களுக்கானது, ஃபிப்-4 1.04 உள்ள உங்கள் அண்ணனுக்கு அதன் பேச்சே வேண்டாம்.

வெண்டைக்காய்_சாம்பார்

நன்றி. இன்னொன்று: கல்லீரல் கெட்டுவிடும் என்று அண்ணன் போன வாரம் கொலஸ்ட்ரால் மாத்திரையை (அடோர்வாஸ்டாடின் 10) தானாக நிறுத்திவிட்டார்.

லேப்_மேசை

எழுதிக் கொடுத்த டாக்டரிடம் இந்த வாரமே பேசித் திரும்பத் தொடங்கச் சொல்லுங்கள். கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களுக்கு இந்த ஸ்டாடின் வகை மாத்திரை பாதுகாப்பானது, எஸ்ஜிபிடி 64 அதற்குத் தடையில்லை. இந்த நோய்க்காரர்களில் கல்லீரலால் சாகிறவர்களைவிட மாரடைப்பு போன்ற இதய நோயால் சாகிறவர்களே அதிகம்.