"லெய்ரி" எங்கே இருக்கிறது?

மிச்சிகன் மருமகள்:
என் மாமியாருக்கு 80 வயது. பின்லாந்திலிருந்து குடியேறிய குடும்பம், டெட்ராய்டில் வளர்ந்தவர். அவர் அப்பாவுக்குக் கார் தொழிற்சாலையில் வேலை. 1950களில் கோடை வந்துவிட்டால், வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டோடு கிளம்பி "லெய்ரி"க்குப் போவார்களாம். இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவார்களாம். மிச்சிகன் வரைபடம் முழுக்கத் தேடிவிட்டேன், அப்படி ஒரு ஊரே இல்லை.

ஏரிக்கரையில் சவுனா, அதாவது நீராவிக் குளியல் அறை, இருந்தது என்கிறார். வாளித் தண்ணீரில் பிர்ச் மரத்து இலைக் கட்டு ஊறிக்கொண்டிருக்கும், அதற்கு "விஹ்தா" என்று பேர். அந்த வாசனையைப் பற்றிப் பேசும்போது கண்ணை மூடிக்கொள்கிறார். மரத்தரை போட்ட பெரிய கூடம் ஒன்று, "ஹாலி". அக்கார்டியன் வாசிப்புக்குப் பெரியவர்கள் ஆட, பிள்ளைகள் சுவரோர பெஞ்சுகளில் அப்பாக்களின் கோட்டைப் போர்த்திக்கொண்டு தூங்கிவிடுவார்கள். ஏரிக்கு ஏதோ பறவையின் பெயர். வாத்து இல்லை, அன்னமும் இல்லை.

இப்போதெல்லாம் நேற்றுச் சொன்னதே அவருக்கு மறந்துபோகிறது. இந்தக் கோடையிலாவது கூட்டிப்போக வேண்டும். யாருக்காவது தெரியுமா?

ஏரிக்கரையான்:
சகோதரி, லெய்ரி ஊர்ப் பெயரே இல்லை. பின்னிஷ் மொழியில் முகாம் என்றாலே அதுதான். "ஹாலி"யும் அப்படித்தான், ஆங்கில ஹால் அவர்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது. டெட்ராய்ட் பின்னிஷ்காரர்கள் 1925இல் கூட்டுறவாகச் சேர்ந்து விக்சம் ஊரில் ஒரு கோடை முகாம் தொடங்கினார்கள். டெட்ராய்டிலிருந்து சுமார் 50 கி.மீ. ஏரியின் பெயர் லூன் லேக். லூன் என்பது முக்குளித்து மீன் பிடிக்கும் பறவை.

பழைய போட்டோ:
பொருந்துகிறது. ஆனாலும் ஒன்று கேட்டுப் பாருங்கள்: சாப்பாட்டுக்கு முன் ஜெபம் உண்டா? அந்தக் காலத்தில் அந்தச் சமூகமே சர்ச்சுக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம், தொழிலாளர் ஹாலில் கூடுகிறவர்கள் ஒரு பக்கம் என்று பிரிந்து கிடந்தது. மின்னசோட்டாவில் ஹிப்பிங் அருகே உள்ள மெசாபா கோ-ஆப் பார்க் போல, கூட்டுறவு முகாம்கள் ஹால் பக்கத்துத் தொழிலாளர்கள் உண்டாக்கியவை. அப்புறம், கிழக்குப் பின்லாந்துக்காரர்கள் இலைக் கட்டை "வஸ்தா" என்பார்கள். விஹ்தா என்றால் பூர்வீகம் மேற்குப் பக்கமாக இருக்கலாம். வீட்டில் பழைய போட்டோ இருந்தால் பின்பக்கத்தையும் பாருங்கள், ஊர் பேர் எழுதியிருப்பார்கள்.

மிச்சிகன் மருமகள்:
கேட்டேன். ஜெபம் கிடையாதாம், ஹாலி வாசலில் அவர் அம்மா காபி ஊற்றிக் கொடுத்தது நினைவிருக்கிறதாம். லூன் என்ற பெயரைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சரி என்று போனில் பறவையின் படத்தைக் காட்டினேன். கறுப்புத் தலை, சிவப்புக் கண். விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "குய்க்கா" என்றார். அவர் அப்பா அப்படித்தான் சொல்வாராம். சனிக்கிழமை விக்சம் போகிறோம்.