பாலாறு கடலில் கலக்கும் கரை: எப்போது போவது, எதைப் பார்ப்பது?

விரிஞ்சிபுரத்தான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பாலாற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்தும், அந்த ஆறு கடலில் கலக்கும் வாயலூரை நான் இதுவரை பார்த்ததில்லை. 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு வெள்ளம் ஓடியபோது பாலத்தருகே நின்றிருந்த என் தாயார், "இத்தனை தண்ணீரும் கடலுக்குத்தானா போகிறது?" என்று வருத்தத்தோடு கேட்டார், அன்றிலிருந்தே அவரை அங்கே அழைத்துச் செல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். வரும் மே மாத விடுமுறையில் இரண்டு நாள் தங்கி, சதுரங்கப்பட்டினம் முதல் மரக்காணம் வரையிலான கடற்கரையைப் பார்க்க எண்ணியுள்ளோம். மாமல்லபுரத்தை முன்பே பார்த்துவிட்டோம். அந்தக் கரையின் இயற்கையும் மக்களின் வாழ்க்கையும் எப்படி இருக்கும், குப்பங்களுக்குள் வெளியூரார் போவது முறையா என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். தாயாருக்கு முழங்கால் வலி உண்டு.

ஆர்க்காட்டு ஆசிரியர் எழுதியது:

ஐயா, மே மாதம் வேண்டாம். என் துணைவியாரின் ஊர் கூவத்தூர்ப் பக்கம் என்பதால் முப்பது ஆண்டுகளாக அங்கே போய்வருகிறேன். கோடையில் ஆற்றில் நீர்வரத்து நின்றதும் அலைகள் மணலைக் கொண்டுவந்து குவித்து முகத்துவாரத்தை அடைத்துவிடும். வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் வந்துதான் அந்த மணல்மேட்டை உடைக்க வேண்டும். ஆகவே மே மாதம் போனால், நம் ஊரில் பார்க்கும் அதே மணலை அங்கேயும் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள். அதோடு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கும். குப்பங்களில் இருப்பவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள் என்பதால் மீன் அறவே கிடைக்காமல் போகாது, ஆனால் விலை ஏறிவிடும்.

தை, மாசியில் போனால் நீர் இருக்கும். ஆற்று நீரும் உப்பு நீரும் கலக்கும் அந்தக் கழிமுகத்தில் மடவையும் கொடுவாவும் கிடைக்கும். இடுப்பளவு நீரில் நின்று வீச்சு வலை வீசுபவர்களைக் கரையிலிருந்தே பார்க்கலாம். கடல்நீர் உள்ளே ஏறி நிலத்தடி நீரைக் கெடுக்காமல் இருக்க, வாயலூருக்கும் கடலூருக்கும் இடையே தடுப்பணை கட்டியிருக்கிறார்கள். (இந்தக் கடலூர் செய்யூர் வட்டத்துச் சிற்றூர். பேருந்தில் வெறுமனே "கடலூர்" என்று கேட்டால், நடத்துநர் உங்களைத் தென்னார்க்காட்டுக்கு அனுப்பிவிடுவார்.) நந்தி மலைப் பக்கத்தில் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடி வரும் ஆறு முடியும் இடத்தில் கடையும் கிடையாது, பெரிய அறிவிப்புப் பலகையும் கிடையாது, அதுவே எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் முகத்துவாரத்தில் யாரும் இறங்கிக் குளிக்க வேண்டாம்; அங்கே இழுப்பு அதிகம்.

கோட்டைவெளி எழுதியது:

கடப்பாக்கத்துக்கு அருகிலுள்ள ஆலம்பரைக் கோட்டையை விட்டுவிடாதீர்கள். வேலூர்க்காரர்களுக்குக் கோட்டை புதிதல்ல, ஆனால் இது நம் ஆர்க்காட்டோடு தொடர்புடையது: 1735 அளவில் நவாப் தோஸ்த் அலி கானின் ஆட்சியில் இருந்த துறைமுகக் கோட்டை இது. 1740இல் மராட்டியரோடு நடந்த தாமல்செருவுப் போரில் அவர் இறந்தார். 1750இல் கோட்டை பிரெஞ்சுக்காரரான துய்ப்ளேயின் கைக்குப் போனது, 1760இல் ஆங்கிலேயர் அதை இடித்தார்கள். செங்கல்லும் சுண்ணாம்புமாக எஞ்சி நிற்கும் சுவர்களுக்கு அப்பால் காயலும் மணல்திட்டும் கடலும் ஒரே பார்வையில் தெரியும். அங்கே நிழல் குறைவு; காலையிலேயே போய்விடுங்கள். வழியில் முதலியார்குப்பத்தில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் இருக்கிறது.

காட்பாடி மருமகள் எழுதியது:

அண்ணா, நான் அந்தக் கரையில் பிறந்து காட்பாடிக்கு வாழ வந்தவள். குப்பத்துக்குள் தாராளமாகப் போகலாம். ஆனால் மணலில் விரித்திருக்கும் வலையைச் செருப்புக் காலோடு மிதித்துவிடாதீர்கள், கருவாடு உலர்த்தும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். வெளியூரிலிருந்து வருபவர்கள் பத்து மணிக்கு வந்து, ஆண்கள் மர நிழலில் படுத்திருப்பதைப் பார்த்துச் சோம்பேறிகள் என்று பேசிவிட்டுப் போவதை நான் கேட்டிருக்கிறேன். அவர்கள் இருட்டிலேயே கடலுக்குப் போய்த் திரும்பியவர்கள். அதற்குள் பெண்கள் மீனை ஏலம் எடுத்துக் கூடையோடு ஊருக்குள் போயிருப்பார்கள். விடிந்ததும் போய் நின்றால்தான் எங்கள் ஊரைப் பார்த்ததாகும்.

மாசியே நல்லது என்பதற்கு நானும் மூன்று காரணங்கள் சொல்கிறேன். கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் காலம் அது. அவற்றை நாங்கள் பங்குனி ஆமை என்போம். மரக்காணத்தில் உப்பு வாரத் தொடங்கியிருப்பார்கள், அருகிலுள்ள கழுவேலியில் வலசைப் பறவைகளும் இன்னும் இருக்கும். 2021இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்த ஏரிக்கு 2024இல் ராம்சர் தகுதியும், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற தகுதியும், கிடைத்தது. மூன்றாவது மாசி மகம். எங்கள் சாமிகள் கடலாட வரும் அந்த நாளில், மாமல்லபுரம் கரையில் இருளர்கள் குடும்பம் குடும்பமாகக் கூடி, மணலில் சேலையையும் தார்ப்பாயையும் கூடாரமாகக் கட்டித் தங்கி, கன்னியம்மனை வணங்கி, அங்கேயே திருமணமும் நிச்சயமும் நடத்துவார்கள். நம் வேலூர், இராணிப்பேட்டைப் பக்கத்து இருளர்களும் அங்கே வருவார்கள். மாமல்லபுரத்தைப் பார்த்துவிட்டோம் என்கிறீர்கள், இதைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

விரிஞ்சிபுரத்தான் எழுதியது:

மூவருக்கும் நன்றி. பயணத்தை மாசி மகத்துக்கு மாற்றிவிட்டேன். பள்ளிக்கு இரண்டு நாள் விடுப்புச் சொல்லிக்கொள்ளலாம். தாயாரால் மணலில் அதிகம் நடக்க முடியாது என்பதுதான் கவலை.

ஆர்க்காட்டு ஆசிரியர் எழுதியது:

அதற்குக் கவலை வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலை பாலாற்றைக் கடக்கும் பாலத்தருகே வண்டியை ஓரமாக நிறுத்தினால், நடக்காமலேயே ஆற்றைக் கடல் பக்கமாகப் பார்க்கலாம். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகக் கல்பாக்கத்தை அடையுங்கள். பேருந்தில் போனால் காஞ்சியிலும் செங்கல்பட்டிலும் மாற வேண்டியிருக்கும். முழங்கால் வலியோடு அது சிரமம், வாடகை வண்டியே நல்லது.