மாலத்தீவில் நால்வர் கூடி ஜெபிக்கலாமா?

கன்னியாகுமரி மாவட்டத்துக் கிறிஸ்தவனான நான், எட்டு மாதங்களாக மாலத்தீவின் அட்டு பவளத்தீவில் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். இந்நாட்டில் தேவாலயம் கிடையாது. 2008ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 9ஆம் பிரிவு, முஸ்லிம் அல்லாதவருக்குக் குடியுரிமையே இல்லை என்கிறது. அயல்நாட்டினர் தம் அறைக்குள் தனியே வழிபடலாம் என்பது தெரியும். ஆனால் கிறிஸ்துமஸ் இரவில், உடன் தங்கியிருக்கும் மூன்று மலையாள ஆசிரியர்களும் நானும் சேர்ந்து ஜெபித்தால் அதுவும் ‘தனியே’ ஆகுமா என்பதில்தான் சிக்கியிருக்கிறேன். வேலைக்கு அனுப்பிய முகவர் சிரித்து மழுப்பினார். பள்ளி நிர்வாகம் வாய்மொழியாக ‘பார்த்துக்கொள்ளுங்கள்’ என்றதோடு சரி, எழுதித் தரவில்லை. 1994ஆம் ஆண்டின் சமய ஒற்றுமைச் சட்டத்தை மொழிபெயர்ப்பில் படித்தும் எனக்குத் தெளிவு கிட்டவில்லை. வேலை போனால் ஊரில் கடன் நிற்கிறது.

உள்ளூர்க்காரர் எவருமின்றி, பாட்டில்லாமல், அடைத்த கதவுக்குள் மாலத்தீவில் இவ்வாறு கூடி ஜெபித்த அனுபவம் உங்களில் எவருக்கேனும் உண்டா?